ஒல்லியானவர்களுக்கு ஒரு இஞ்சு டேப்

பி.எம்.ஐ. (பாடி மாஸ் இண்டெக்ஸ்) பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் ஒரு பயில்வானை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். "ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்தினவனுக்குக்கூட ஓவர்வெயிட்னு காட்டுதுங்க, அதெல்லாம் ஒரு குப்பைக் கணக்கு" என்பார். அவர் சொல்வது சரிதான். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பி.எம்.ஐ.; அந்த எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று தராசுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நம் தெருவில் அப்படி எத்தனை பயில்வான்கள் இருக்கிறார்கள்? எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. குச்சிக் கை, குச்சிக் கால், சட்டைக்குள் அடங்கிய ஒரு சின்னத் தொப்பை, இப்படி ஆட்கள்தான் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இவர்களைப் பார்த்து பி.எம்.ஐ. "உனக்கு ஒன்றுமில்லை, போய் வா" என்று அனுப்பிவிடுகிறது. பயில்வானைக் குண்டு என்று சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார். இவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

என் தம்பி அப்படி நம்பியவன். அவனை மட்டும் சொல்லி என்ன, நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே இரண்டு பட்டங்கள் நிரந்தரம்: நான் "பூசின உடம்பு" (கொஞ்சம் கோபமாக இருந்தால் குண்டம்மா), அவன் "நோஞ்சான்". நான் 158 செ.மீ. உயரம், 69 கிலோ, பி.எம்.ஐ. 27.6. அவன் 172 செ.மீ., 67 கிலோ, 22.6. இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்தோம். என் உயரத்தையும் எடையையும் பார்த்துவிட்டு பிரீமியத்தோடு லோடிங் என்று ஒரு தொகையைச் சேர்த்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் சரியாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, எடை அதிகமம்மா, எங்கள் விதி அப்படி என்றார்கள். தம்பிக்கு நாற்பது வயதுதான், எடையும் சரியாக இருக்கிறது என்று இரத்தம்கூட எடுக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் போன இடத்தில் அந்தப் பல் டாக்டர் சம்பிரதாயத்துக்கு சுகர் பார்க்கச் சொல்ல, அது எகிறி நிற்க, அப்புறம் முறையாக எடுத்த ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 7.4 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. அம்மா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்பும் தோலுமா இருக்கானே, இவனுக்கா? பேர் மாத்தி எழுதிட்டாங்களோ என்னவோ" என்றார். பேர் மாறியிருந்தால் அது யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கூட்டத்துக்குப் போட்ட கணக்கு

அதற்கப்புறம்தான் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதை முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர், 1796-இல் கெண்ட் நகரத்தில் பிறந்தவர், வானியலும் புள்ளியியலும் படித்தவர், பிரஸ்ஸல்ஸில் வானாய்வகம் அமையக் காரணமாக இருந்தவர். நட்சத்திரங்களை அளக்கும் முறையில் மனிதர்களை அளந்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்தார். "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்பதுதான் அவருடைய கேள்வி. 1830-களில் அவர் கண்டது, வளர்ந்த மனிதர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பது. யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவர் யோசனையிலேயே இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு இந்த வர்க்கக் கணக்கு ஒத்துவராது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எடையையும் ஆயுளையும் முதலில் பெரிய அளவில் முடிச்சுப் போட்டவர்கள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள். எனக்கு லோடிங் போட்ட விஷயத்தின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1940-களிலும் பிறகு 1959-லும் இந்த உயரத்துக்கு இந்த எடை என்று அட்டவணைகள் வெளியிட்டது. பாலிசி எடுத்தவர்களில் யார் சீக்கிரம் செத்தார்கள், யார் நிறைய நாள் பிரீமியம் கட்டினார்கள் என்ற கணக்கிலிருந்து வந்தவை அவை. அந்தக் காலத்து அமெரிக்காவில் பாலிசி எடுக்க வசதி இருந்தவர்கள் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உடுப்போடும் ஷூவோடும் அளந்த அளவுகள் வேறு. சின்ன எலும்பு, நடுத்தர எலும்பு, பெரிய எலும்பு என்று மூன்று பிரிவு வைத்தார்கள்; எதை வைத்துப் பிரிப்பது என்று அப்போது சொல்லவில்லை. "எனக்கு எலும்பே கனம்" என்று சொல்லித் தப்பிக்க எல்லோருக்கும் ஒரு சந்து இருந்திருக்கும்!

இந்த அட்டவணைகளால் எரிச்சலடைந்தவர்களில் ஒருவர் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். 1972-இல் அவரும் கூட்டாளிகளும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை எடுத்து, எடையையும் உயரத்தையும் வைத்துப் போடக்கூடிய பல கணக்குகளில் எது உடல் கொழுப்போடு ஓரளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். கெட்லேயின் பழைய கணக்கு மற்றவற்றுக்குக் குறைந்ததில்லை என்று முடிவுக்கு வந்து, அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார்கள். பிரமாதம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை, இருப்பதில் இது பரவாயில்லை என்கிற தொனிதான். அந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரும் ஆண்கள். இந்தியாவும் அந்த ஐந்து நாடுகளில் இல்லை. ஆக, எனக்கு எதை வைத்து லோடிங் போட்டார்களோ அந்த அளவுகோலுக்குப் பெயர் வைத்த ஆராய்ச்சியில் என் மாதிரி ஒரு ஆள்கூடக் கிடையாது.

எல்லைக்கோடுகளும் வானத்திலிருந்து வந்தவை இல்லை. 1998 வரை அமெரிக்காவில் ஓவர்வெயிட் என்பதற்கான கோடு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. அந்த வருஷம் அதை 25-க்கு இறக்கினார்கள். ஒரு கிராம் கூடாமலே கோடிக்கணக்கான பேர் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

புனேக்காரரும் லண்டன்காரரும்

நான் படித்ததிலேயே மனதில் ஒட்டிக்கொண்டது ஒரு புகைப்படம். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் ஜான் யுட்கின் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரும் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. சரியாக 22.3. ஆனால் உடல் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! படத்தின் கீழே அவர்களே ஒரு கிண்டலும் எழுதியிருந்தார்கள்: ஒருவர் மாரத்தான் ஓடுகிறார், இன்னொருவருக்கு முக்கியமான உடற்பயிற்சி தினமும் காலையில் மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது. கூடவே, யாஜ்னிக் பிறக்கும்போது எடை குறைவான குழந்தை என்ற தகவலையும் சேர்த்திருந்தார்கள்.

அந்தக் கடைசித் தகவல் வேடிக்கைக்காகச் சேர்த்தது அல்ல. யாஜ்னிக்கும் அவர் குழுவும் புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரிப் பிறப்பு எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை, எல்லாமே குறைவு, ஆனால் முதுகுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிறக்கும்போதே அப்படி.

இதை டாக்டர்கள் விளக்கும் விதம் எனக்குப் புரிந்த அளவில் இதுதான். கொழுப்பைப் பத்திரமாக வைக்கத் தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையிலும் பின்புறத்திலும், இடம் இருக்கிறது. நம் ஊர் உடம்புகளில் பலருக்கு அந்த அலமாரி சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் மிச்சம் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேருகிறது, அங்கே போன கொழுப்பு இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடுவதில்லை. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. குச்சிக் கை காலில் தசை எங்கே இருக்கிறது? ஆக இரண்டு பக்கமும் அடி. தம்பி மாதிரி ஒருவர் 67 கிலோவிலேயே இந்த நிலைக்கு வந்துவிடலாம், தராசு ஒன்றும் சொல்லாது.

இங்கிலாந்தில் சுமார் 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு பி.எம்.ஐ. 30-இல் எவ்வளவு சர்க்கரை நோய் வாய்ப்போ, அதே அளவு வாய்ப்பு நம் துணைக்கண்டத்திலிருந்து போனவர்களுக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. ஆறு புள்ளி வித்தியாசம். தம்பி உயரத்துக்கு அது கிட்டத்தட்ட 18 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனிக்கத் தொடங்கலாம் என்றது. 2009-இல் நம் நாட்டு நிபுணர்கள் 23-லிருந்து ஓவர்வெயிட், 25-லிருந்து உடல் பருமன் என்று கோட்டை இறக்கினார்கள். ஆனால் நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகளில் எத்தனையில் இன்னும் 25 வரைக்கும் பச்சைக் கலர் அடித்து "நார்மல்" என்று வருகிறது என்று பாருங்கள். சரி, இறக்கிய கோட்டையே வைத்தாலும் தம்பியின் 22.6 நார்மல்தான். எவ்வளவு இறக்கினாலும் இந்தக் கணக்குக்குள் அவன் சிக்கமாட்டான் என்பதுதான் விஷயம்.

பேன்ட் சைஸும் இடுப்பும் ஒன்றல்ல

மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்கரை நோய் டாக்டர் இருக்கிறார், சின்ன கிளினிக், பெரிய கூட்டம். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் அவன் எடுத்துக்கொண்ட முதல் வாதமே, "டாக்டர், என் பி.எம்.ஐ. 22.6, நான் ஸ்வீட்கூட அதிகம் சாப்பிடமாட்டேன்" என்பதுதான். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மேஜை டிராயரைத் திறந்து தையல்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு இஞ்சு டேப்பை எடுத்தார். "எழுந்து நில்லுங்க தம்பி. இடுப்பு எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்றார். இவன் கொஞ்சமும் யோசிக்காமல், "34 சார். காலேஜிலிருந்தே 34தான்" என்றான்.

அது பேன்ட் சைஸ். நம் ஆண்கள் தொப்பை விழ விழ பேன்ட்டைக் கீழே இறக்கிக்கொண்டே போவார்கள், இடுப்பு எலும்புக்கும் கீழே, தொப்பை மேலே தொங்க, பெல்ட் அடியில் ஒளிந்துகொள்ள. அந்த இடத்தில் அளந்தால் இருபது வருஷம் கழித்தும் 34 வரத்தான் செய்யும். டாக்டர் அவன் சட்டையைத் தூக்கச் சொல்லி, கடைசி விலா எலும்பின் அடியை ஒரு விரலால் தொட்டு, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பை இன்னொரு விரலால் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார். தம்பி தன்னையறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டான். "எக்காதீங்க, மூச்சை விடுங்க, முழுசா விடுங்க" என்றார். விட்டான். 94 செ.மீ., அதாவது 37 இஞ்சு. இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் வயிற்றுப் பருமன். அதுவும் ஞாபகம் இருக்காது என்றால் உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தம்பியின் உயரத்தில் பாதி 86.

இதில் ஒரு மர்மமும் இல்லை, ஸ்கேன் இல்லை, செலவும் இல்லை. என் தையல் மிஷின் டிராயரிலேயே அதே டேப் இருக்கிறது. அவனுக்கு எத்தனையோ தடவை சட்டைக்கு அளவெடுத்திருக்கிறேன், தோள், கை, மார்பு எல்லாம். வயிற்றை அளந்து பார்க்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, ஏனென்றால் அவன் நோஞ்சான். வயிற்றை அளக்க வேண்டியவள் என்று எல்லோரும் நினைத்தது என்னை. கல்யாண வீட்டில் இரண்டாவது ஜாங்கிரியைக் கையில் எடுத்தால் என்னைத்தான் பார்ப்பார்கள். தம்பி இலையில் மூன்றாவது தடவை சோறு விழும்போது பெரியம்மா, "புள்ள சாப்பிடட்டும், கண்ணு வைக்காதீங்க" என்பார்.

ஊர் முழுக்க இந்தக் கதைதான் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது பத்து கோடிக்கும் மேல். அதைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் தலைப்பில் போட்டன. எனக்கு அதற்கு அடுத்த வரிகள்தான் முக்கியமாகப் பட்டன: பி.எம்.ஐ.-யை வைத்துப் பார்த்தால் உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றை அளந்து பார்த்தால் 39.5 சதவீதம். அதுவும் பி.எம்.ஐ. கோட்டை 25-க்கு இறக்கிய பிறகு. இடையில் இருக்கும் பதினொரு சதவீதத்துக்குள் எத்தனை நோஞ்சான்கள் இருப்பார்கள்!

அப்போ நான் தப்பித்தேனா?

இதை வாசித்துவிட்டுக் குண்டாக இருப்பவர்கள் யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அன்றைக்கு டாக்டர் டேப்பைச் சுருட்டுவதற்குள் நானும் அளந்துகொண்டேன், 84. பெண்களுக்கான 80-ஐத் தாண்டித்தான் இருக்கிறேன், உயரத்தில் பாதி 79, அதையும் தாண்டித்தான். என் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு எல்லாம் இன்றைக்குச் சரியாக இருக்கிறது. நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். முழங்கால் வேறு அவ்வப்போது தன் கருத்தைச் சொல்கிறது. 2025 ஜனவரியில் லான்செட் இதழ்க் குழுமத்தின் நிபுணர் ஆணையம் ஒன்று இதைத்தான் பிரித்துச் சொன்னது: பி.எம்.ஐ.-யை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், இடுப்பையோ கொழுப்பையோ அளந்து உறுதி செய்யுங்கள், அதற்கப்புறம் அந்தக் கொழுப்பால் உறுப்புகளுக்குப் பாதிப்பு வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்று பாருங்கள். பாதிப்பு வந்திருந்தால் அது நோய், வராவிட்டால் நோய்க்கு முந்தைய நிலை. நான் அந்த இரண்டாவது வகை. லோடிங் நியாயமா என்று இப்போது கேட்டால், எனக்குப் போட்டதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் விட்டதுதான் எரிச்சல்.

அதனால் பி.எம்.ஐ.-யைத் தூக்கிக் குப்பையில் போடு என்ற கட்சியில் நான் இல்லை. ஒரு தராசும் சுவரில் ஒரு அளவுகோலும் இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போட்டுவிடலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 25-ஐத் தாண்டிய பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். இவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது என்று தெரிந்ததே இந்தக் கணக்கால்தான். 18.5-க்குக் கீழே, அதாவது எடை குறைவாக இருக்கும் பெண்கள் இன்னமும் எத்தனை பேர் என்று சொல்வதும் இதே எண்தான், ஜிம் ஆட்கள் அந்தப் பக்கத்தைப் பேசுவதே இல்லை. கெட்லே கூட்டத்தை அளக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார், கூட்டத்தை இது ஒழுங்காக அளக்கிறது. ஒரு ஆளை நிறுத்திவைத்து உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் உரிமையை யார் அதற்குக் கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வீட்டில் இதனால் மூன்றாவதாகவும் ஒருவர் மாட்டினார், அம்மா. வயது 74. தம்பிக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது, யாரோ சொன்னார்கள் என்று போனில் பி.எம்.ஐ. போடச் சொன்னார். 58 கிலோ, 150 செ.மீ., 25.8 என்று வந்தது. உடல் பருமன்! அன்றைக்கே இரவுச் சோறு நின்றது, இரண்டு சப்பாத்தி, அதுவும் பேருக்கு. பழைய மருத்துவச் சீட்டு ஒன்றில் அம்மாவின் உயரம் 155 என்று இருக்கிறது, எடை அன்றைக்கும் இதே 58. அப்போது கணக்குப் போட்டிருந்தால் 24.1. முதுகெலும்பு சுருங்கி ஐந்து சென்டிமீட்டர் குறைந்ததில் ஒரு கிராம் ஏறாமலே பட்டியலுக்குள் வந்துவிட்டார்.

அம்மாவையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எடை பார்க்கவே இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார், அம்மா முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் முதலில் கரைவது தசைதான், விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டால் அது சர்க்கரையைவிடப் பெரிய தொல்லை என்று திட்டினார். தினமும் ஒரு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், காலையிலும் மாலையிலும் நாற்காலியில் பத்துப் பத்துத் தடவை உட்கார்ந்து எழ வேண்டும், கண்டிப்பாக இரவுச் சாப்பாடு. தம்பிக்கும் மாத்திரையோடு கிட்டத்தட்ட அதே சீட்டைத்தான் எழுதியிருந்தார்: சோற்றைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் கூட்டு, நடை மட்டும் போதாது, கைக்கும் காலுக்கும் பாரம் தூக்கு. நோஞ்சான் என்று பெயரெடுத்தவன் இப்போது மொட்டை மாடியில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, வயிறு 90-க்கு வந்திருக்கிறது, ஹெச்பிஏ1சி 6.3. பி.எம்.ஐ. அதே 22.6.